ஒரு அடிக்கு நாப்பது அடி: யாழ்ப்பாணத்துத் தண்ணியில நம்பிக்கை எங்க இருக்கு?

சூழல், நிலைபேறான எதிர்காலம் எண்டு எங்கட ஊரில ஆரும் கதைக்கத் தொடங்கினா பாதிப் பேர் கொட்டாவி விடுவினம், மிச்சப் பாதிப் பேர் "எல்லாம் முடிஞ்சுது, இன்னும் இருபது வருசத்தில கிணறெல்லாம் உப்புத்தான், பிள்ளையளை வெளியில அனுப்புற வழியைப் பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிடுவினம். இந்த ரெண்டாவது கூட்டத்தோடதான் எனக்குப் பிரச்சினை. அவை சொல்லுற வருத்தமெல்லாம் உண்மை, நான் மறுக்கேல்ல. ஆனா முடிஞ்சுது எண்டு சொல்ல எங்கட காலுக்குக் கீழ கிடக்கிற கல்லு விடாது. நம்பிக்கைக்கு இஞ்ச ஒரு நிலவியல் காரணமே இருக்கு, அதைத்தான் எழுதப் போறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கியாறு எண்டு ஒண்டு இருக்கு, தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி கந்தரோடையைத் தாண்டி அராலியில கடலேரியோட போய்ச் சேருது, அதுவும் மாரியில மட்டும்தான், மற்ற நேரம் அதுக்குள்ள மாடு மேயும். ஆக எங்களுக்கு இருக்கிறது மழையும் கிணறும்தான். மழை வருசத்துக்குச் சராசரியா 1,200, 1,300 மில்லிமீற்றர் மட்டில, அதில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள்ள கொட்டித் தீத்துடும். பெய்யிறது செம்மண்ணுக்குள்ளால இறங்கி கீழ இருக்கிற மயோசீன் எண்ட மிகப் பழைய நிலவியல் காலத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள போய்த் தங்குது. அந்தக் கல்லு கட்டிக் கல்லு இல்லை, வெடிப்பும் பொந்தும் குகையுமா உள்ளுக்க ஓடி ஓடிக் கரைஞ்சு போன கல்லு.

மூண்டு பக்கமும் கடல், நடுவில கடலேரி. அப்ப அந்தக் கல்லுக்குள்ள ஆழத்தில இருக்கிறது கடல் தண்ணிதான். எங்கட நல்ல தண்ணி, எண்ணெய் தண்ணியில மிதக்கிற மாதிரி, அந்த உப்புத் தண்ணிக்கு மேல ஒரு படையா மிதக்குது. நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விடக் கொஞ்சம் பாரம் குறைவு, நாப்பதில ஒரு பங்குதான் வித்தியாசம், அந்தச் சின்ன வித்தியாசத்திலதான் இந்தக் குடாநாடே உயிரோட இருக்கு. புத்தூரில நிலாவரைக் கிணத்தைப் பாத்திருப்பியள், ராமர் அம்பு விட்டுத் தோண்டினது, அடியே இல்லை எண்டு சின்ன வயசில சொல்லித் தந்த கிணறு. அதில மேல நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உவர்ப்பு, கடைசியில உப்பு. புத்தகத்தில படம் போட்டு விளக்க வேண்டிய விசயத்தை ஒரு கிணறே காட்டிக்கொண்டு நிக்குது.

இனி அந்தக் கணக்குக்கு வாறன். நிலத்தடித் தண்ணி மட்டம் கடல் மட்டத்தை விட ஒரு அடி உயர நிண்டா, கடல் மட்டத்துக்குக் கீழ கிட்டத்தட்ட நாப்பது அடிக்கு நல்ல தண்ணி நிக்கும். கைபென், ஹெர்ஸ்பேர்க் எண்ட ரெண்டு பேர் நூறு வருசத்துக்கு முன்னமே எழுதி வச்ச விதி இது. பொந்து விழுந்த கல்லில இது அச்சொட்டா அப்பிடியே வராது, நேரமும் எடுக்கும், ஆனா போக்கு இதுதான். இதைச் சொல்லிப் பயப்பிடுத்துறதுதான் வழமை: பார்த்தியளோ, இறைச்சு இறைச்சு மட்டத்தை ஒரு அடி இறக்கினா கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும் எண்டு. சரி, உண்மை. ஆனா அதே விதி மற்றப் பக்கமும் வேலை செய்யுமே! மட்டத்தை ஒரு அடி உயத்தி வச்சிருந்தா உப்பு நாப்பது அடி கீழ போகும். சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் தாற இடம் கனக்க இல்லை, ஏன் இதை ஒருத்தரும் சொல்லுறேல்ல எண்டுதான் எனக்கு விளங்கேல்ல.

அடுத்தது, இந்த நிலத்தடித் தண்ணி ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திச் சேந்த பழைய தண்ணி இல்லை. உலகத்தில சில இடங்களில பாலைவனத்துக்குக் கீழ இருக்கிறதை எடுக்கினம், அதை எடுத்தா எடுத்ததுதான், திரும்பி வராது. எங்கட அப்பிடி இல்லை, ஒவ்வொரு மாரிக்கும் புதுசா நிரம்புது. புரட்டாதியில அடிக் கல்லுத் தெரிஞ்ச கிணறு தை மாசம் கையால அள்ளலாம் போல நிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான். அதில ஒரு பெரிய பங்கு பிறகு கல்லுக்குள்ளால ஓடிக் கடலுக்கே போயிடுது, கீரிமலைக் கேணியில ஊறி வாறது அந்தத் தண்ணிதான், உள்ளுக்க பெய்த மழை கடற்கரையில வந்து வெளிக்கிடுது. அதாவது எங்கட பிரச்சினை மழை இல்லாதது இல்லை, வந்த மழையை ஒரு ரெண்டு மாசமாவது கூட வச்சிருக்கத் தெரியாததுதான்.

கெட்டுப் போனது திரும்பவும் சரி வருமோ எண்டு கேப்பியள். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில, மட்டக்களப்புப் பக்கம், கடல் பூந்து உப்பாப் போன கிணறுகளை ஆராய்ஞ்சு பாத்திச்சினம். அங்க மண் வேற, மணல், ஆனா பாடம் ஒண்டுதான். உப்பை எடுப்பம் எண்டு திரும்பத் திரும்ப இறைச்ச இடங்களில கீழ இருந்து இன்னும் உப்பு ஏறி நிலமை மோசமாப் போச்சு. கிணத்தை ஆறப் போட்ட இடங்களில அடுத்தடுத்து வந்த மாரி மழை உப்பைக் கழுவிக் கீழ தள்ளிச்சு. ஒண்டரை வருசம் மட்டில பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துட்டுது. மழை தன்ர வேலையைச் செய்யும், நாங்கள் இடையில குழப்பாமல் இருந்தாச் சரி.

இப்ப தோட்டத்துக்கு வருவம், ஏனெண்டால் குடாநாட்டின்ர மேற்குப் பக்கமான வலிகாமத்தில தண்ணியில பெரும்பங்கு போறது குடிக்கிறதுக்கு இல்லை, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும்தான். துலா மிதிச்ச காலத்தில ஒரு நாளைக்கு மனிசனால இறைக்கக்கூடியது இவ்வளவுதான் எண்டு ஒரு எல்லை இருந்தது. மண்ணெண்ணையில ஓடுற இறைப்பு மிசின் வந்தோட அந்த எல்லை போச்சு. போர்க் காலத்தில மண்ணெண்ணைக்கும் யூரியாவுக்கும் தடை, அப்ப நிலம் தானா ஓய்வெடுத்தது. பிறகு திரும்பவும் தொடங்கி, 2022 ஆவணியில மண்ணெண்ணை லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே நாளில 340 ரூபா ஆனதோட தோட்டக்காரர் எல்லாரும் ஒரு கணம் மிசினை நிப்பாட்டிப் போட்டு யோசிச்சினம். கரண்டுக் கட்டணமும் அதே மாசம் ஏறிச்சு. நல்லது எண்டு சொல்ல வரேல்ல, கனபேர் கடனில போனவை. ஆனா அந்த நேரம்தான் சனம் தண்ணியை எண்ணத் தொடங்கினது.

வலிகாமத்தில எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை வெங்காயமும் பீற்றூட்டும் செய்யிறவர். முந்தி எல்லாரையும் போல வாய்க்கால் வெட்டிப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறினவர்தான், இப்ப தூவல் குழாய் போட்டிருக்கிறார். ஏன் மாறினனியள் எண்டு கேக்க அவர் சுற்றுச்சூழல் எண்ட சொல்லே எடுக்கேல்ல. "தம்பி, கடைசிப் பாத்திக்குத் தண்ணி போய்ச் சேர முதல் பாத்தியில நிண்டது கீழ இறங்கிப் போயிடும். இறங்கிறது தண்ணி மட்டுமே? நான் காசு குடுத்து வாங்கிப் போட்ட பசளையும்தான் இறங்குது. பிறகு அதே கிணத்தில இருந்து என்ர மனிசி குடிக்கத் தண்ணி அள்ளுறா" எண்டார். இதை விடச் சுருக்கமா நைத்திரேற்றுப் பிரச்சினையை ஒரு பேராசிரியரும் சொல்லேலாது. அவற்ற கிணத்துக் கட்டின்ர உள்ச்சுவரில பெயின்ரால கோடு கோடாக் கிடக்கு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு ஆவணிக்கும் தண்ணி நிண்ட இடம், பக்கத்தில வருசம். பொங்கல் கோடுகள் பெரிசா மாறேல்ல. ஆவணிக் கோடுகள்தான் தூவல் போட்ட பிறகு ஒரு சாண் மேல வந்திருக்கு. ஒரு கிணத்தை வச்சு ஊருக்கே முடிவு சொல்லேலாது, பக்கத்துத் தோட்டக்காரனும் குறைவா இறைச்சிருக்கலாம். ஆனா ஊருக்குப் பத்துக் கிணத்தில இப்பிடிக் கோடு போட்டா அதுக்குப் பிறகு ஆரும் வந்து எங்களுக்கு வாயால கதை சொல்லேலாது.

நைத்திரேற்று எண்டா என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு: யூரியா மாதிரிப் பசளையில இருந்தும் மலசலகூடக் குழியில இருந்தும் வாற நைதரசன்தான் மண்ணில மாறித் தண்ணியில கரைஞ்சு கீழ போகுது. உலக சுகாதார நிறுவனம் வச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் கனக்க அதைத் தாண்டி நிக்கிறதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. மணம், நிறம், ருசி ஒண்டும் இல்லை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவை கட்டாயம் கவனிக்க வேணும், குழந்தையின்ர ரத்தம் ஒட்சிசன் காவுறதை அது குழப்பும். இன்னொண்டு, கொதிக்க வச்சா இது போகாது, தண்ணி ஆவியாப் போக மிச்சத்தில செறிவு கூடத்தான் செய்யும். இதை எங்கட அம்மாமார் கனபேருக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல.

அதுக்காக 2021இல செய்த மாதிரி ஒரே இரவில ரசாயனப் பசளையை நிப்பாட்டினாலும் சரி வராது. சித்திரையில அறிவிச்சு கார்த்திகையில திரும்ப எடுத்தவை, இடையில விவசாயி செத்தான். நல்ல கொள்கையைக் கெட்ட விதமாச் செய்து பத்து வருசத்துக்கு ஆரும் சேதனப் பசளை எண்டு வாய் திறக்கேலாமப் பண்ணினதுதான் மிச்சம். ஆனா அதுக்குப் பிறகு பசளை விலை ஏறின ஏற்றத்தில, முந்திக் கை நிறைய அள்ளி எறிஞ்சவை இப்ப நிறுத்துப் போடுகினம், மாட்டெருவுக்கும் ஆட்டெருவுக்கும் சண்டை பிடிக்கினம், அதையும் சொல்லத்தான் வேணும்.

சோலர் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் சந்தோசமாப் படம் போடுகினம், எனக்குக் கொஞ்சம் பயம். மண்ணெண்ணை மிசினுக்கு ஒரு பிறேக் இருந்தது, காசு. சோலருக்கு அது இல்லை, வெயில் இருக்கிற மட்டும் சும்மா ஓடும், கிணத்தை வத்த வச்சுப்போட்டுத்தான் நிக்கும். அதால சோலர் பம் குடுக்கிற எந்தத் திட்டமும் அதோட சேத்து தூவலோ சொட்டு நீரோ இல்லாமக் குடுத்தா அது சூழலுக்கு உதவி இல்லை, உப்புக்கு உதவி. வீட்டுக் கூரையில போடுறது வேற கதை, தாராளமாப் போடுங்கோ. தீவுகளில டீசல் எரிச்சுக் கரண்ட் குடுக்கிற இடத்தில சோலரும் காத்தாடியும் வாறதும் நல்லதுதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 1,700 கிலோவாற் சோலர், 530 கிலோவாற் காத்து எண்டு திட்டம். 2021இல அது ஒரு சீனக் கம்பனிக்குப் போய், இந்தியா முகம் சுழிச்சு, கடைசியில 2024 பங்குனியில இந்திய நன்கொடை 11 மில்லியன் டொலரோட ஒப்பந்தம் கைச்சாத்தாச்சு. வெயிலுக்கும் காத்துக்கும் பாஸ்போட் கேட்ட கதை.

பெரிய திட்டங்கள் எண்டு வந்தா எல்லாரும் கேக்கிறது யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு எண்ட பழைய கனவைப் பற்றித்தான். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில போட்ட திட்டம் அது, கனகராயன் ஆத்துத் தண்ணி வந்து விழுகிற ஆனையிறவுக் கடலேரியை நல்ல தண்ணி ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்காலால வடமராட்சிக் கடலேரிக்கும், அங்க இருந்து உப்பாற்றுக் கடலேரிக்கும் கொண்டு வாறது. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகள் அந்தச் சிந்தனையோட சேந்ததுதான். மரக் கதவுகள் உக்கி, பராமரிப்பு இல்லாம உப்புத் தண்ணி திரும்ப உள்ள வந்து, பிறகு போர். போருக்குப் பிறகு தொண்டைமானாற்றுக் கதவுகளைப் புதுசாப் போட்டவை. முழுத் திட்டம் வந்தா நல்லதுதான், ஆனா எனக்கு இதில பிடிச்ச விசயம் வேற: ஒரு தடுப்பணையை ஒழுங்கா மூடித் திறந்தாலே போதும், மாரித் தண்ணி கொஞ்ச மாசம் கூட நிண்டா சுத்தி இருக்கிற வயலின்ர உவரும் கிணத்தின்ர உவரும் இறங்கும். கதவை எப்ப மூடுறது எண்டதில மீன்பிடிக்கிறவையும் வயல் செய்யிறவையும் ஒத்துப்போகாததுதான் வழமையான இழுபறி, அதுக்கு இரும்பும் சீமெந்தும் தேவையில்லை, ஒரு மேசையில இருத்திக் கதைக்கிற ஆள் தேவை.

2024 ஆவணியில தாளையடியில கடல் நீரை நன்னீராக்கிற நிலையம் திறந்தாச்சு, நாளுக்கு 24,000 கன மீற்றர். முதல்ல கிளிநொச்சியில இருக்கிற இரணைமடுக் குளத்தில இருந்து தண்ணி கொண்டு வாறதுதான் திட்டம், கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தவை, அவையின்ர பயமும் நியாயம்தான், அதுக்குப் பிறகுதான் கடல் பக்கம் திரும்பினது. சில பேர் இதை முழுசா எதிர்க்கினம், நான் இல்லை. சுன்னாகத்தில கிணத்துக்குள்ள கழிவு எண்ணெய் வந்து, 2019 சித்திரையில உச்ச நீதிமன்றம் மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புக் குடுத்த ஊர் இது, வாளியோட பவுசருக்கு லைனில நிண்ட சனத்துக்கு குழாய்த் தண்ணி வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கடல் தண்ணியை மாத்த ஒரு கன மீற்றருக்கு மூண்டு, நாலு யூனிற் கரண்ட் போகும், முழுசா ஓடினா நாளுக்கு எழுபதாயிரம் யூனிற்றுக்கு மேல. கையில இருக்கிற மழையைக் கடலுக்கு விட்டுப்போட்டு அதே கடலில இருந்து கரண்ட் எரிச்சுத் திரும்ப எடுக்கிறம் எண்டு நினைக்க ஒரு மாதிரித்தான் இருக்கு. இன்னொண்டும் இருக்கு, வீட்டுக்குத் தண்ணி தாராளமா வந்தா கழிவுத் தண்ணியும் அவ்வளவு கூடும், அது போறது எங்க? ஒரு பரப்பு, ரெண்டு பரப்பு எண்ட சின்னக் காணியில கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்தில பக்கத்தில. ரெண்டுக்கும் இடையில குறைஞ்சது 15 மீற்றர் வேணும் எண்டு பொதுவாச் சொல்லுறது, பொந்துக் கல்லில அதுவும் காணாது, ரவுண் பக்கம் அந்த 15 மீற்றரே எத்தினை வளவில இருக்கு? அடி பூசின மூடின தாங்கியும், அதை வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்ச் சுத்திகரிக்கிற வசதியும் வராமக் குழாய் மட்டும் வந்தா பாதி வேலைதான்.

கடைசியாக் குளம். பழைய ஆக்கள் கோயிலுக்கு ஒரு கேணி, வயலுக்கு ஒரு குளம், தெருவோரத்தில மாட்டுக்குத் தண்ணித் தொட்டியும் அது உடம்பு உரசுற ஆவுரஞ்சிக் கல்லும் எண்டு வச்சது அழகுக்கு இல்லை. குளத்தில நிக்கிற தண்ணி மெல்ல மெல்ல இறங்கிச் சுத்தி இருக்கிற கிணறுகளை உயத்திப் பிடிக்கும், முதல்ல சொன்ன அந்த ஒரு அடி இதுதான். இப்ப கன குளங்கள் தண்ணி நிக்குது, ஆனா இறங்குதில்லை. வத்தின நேரம் உள்ள இறங்கி மண்வெட்டியால ஒரு இடத்தில கொத்திப் பாருங்கோ, மேல காஞ்ச பாசி, அதுக்குக் கீழ ஒரு சாணுக்குக் கறுப்புச் சேறு களி மாதிரி இறுகிக் கிடக்கும், இடையில இடையில லஞ்ச் சீற், ஷம்பூப் பைக்கற், பால்மாப் பைக்கற் படையாக் கிடக்கும். அதுக்குள்ளால தண்ணி எங்க போறது? மேல நிண்டு ஆவியாப் போகும். அந்தச் சேத்தை எடுத்தாலே காணும், எடுத்த சேறு தோட்டத்துக்குப் பசளை. ஆனா ஆர்வத்தில பெக்கோ எண்ட தோண்டுற மிசினை இறக்கிக் கல்லு உடையிற அளவுக்குத் தோண்டினா அழுக்குத் தண்ணி வடிகட்டாம நேரா நிலத்தடிக்குப் போகும், மட்டத்துக்குக் கீழ போனா உவரும் வந்துடும், அளவாத்தான் செய்ய வேணும்.

ரவுணில ஆரியகுளத்தை 2021 கடைசியில அழகாக்கித் திறந்தவை. பின்னேரத்தில சனம் வந்து நடக்குது, பிள்ளையள் விளையாடுது, நல்ல விசயம், குப்பை கொட்டின இடம் ஊரின்ர முகமா மாறினதைப் பாத்து மற்றக் குளங்களுக்கும் ஆசை வந்திருக்கு. ஆனா குளம் எண்டா நடைபாதையும் லைற்றும் எண்டு ஒரு எண்ணம் வந்துட்டா அது பிழை. ஊருக்குள்ள இருக்கிற சின்னக் குளத்துக்கு லைற் தேவையில்லை, அதுக்குத் தண்ணி வாற வாய்க்கால்தான் தேவை. அந்த வாய்க்கால்தான் இப்ப இல்லை, ஒராள் மதில் கட்டியிருப்பார், ஒராள் படலைக்கு முன்னால கொங்கிறீற் போட்டிருப்பார், ரோட்டை உயத்தினவை மதகை மூடியிருப்பினம், குளம் கோயிலுக்குச் சொந்தம், கட்டு பிரதேச சபைக்கு, வயலுக்குத் தண்ணி திறந்து விடுற துருசு கமநலத் திணைக்களத்துக்கு எண்டு ஆளாளுக்கு விரலைக் காட்டுவினம். மழை வந்தா வீட்டுக்குள்ள வெள்ளம், குளத்துக்குள்ள அரைவாசித் தண்ணி, இதைக் கார்த்திகைக்குக் கார்த்திகை பாக்கிறம்.

வீட்டில செய்யக்கூடியதும் இருக்கு. 100 சதுர மீற்றர் கூரையில வருசத்துக்கு விழுகிற மழை ஒரு லட்சத்து இருபதாயிரம் லீற்றருக்கு மேல. முதல் மழையைக் கழுவ விட்டுப்போட்டு மிச்சத்தை பீலியால ஒரு தாங்கிக்கு, தாங்கி நிரம்பினா கல்லும் மணலும் போட்ட ஒரு குழிக்கு விட்டா, ரோட்டுக்குப் போற தண்ணி உங்கட கிணத்துக்கு வரும். முத்தம் முழுக்க இன்ரலொக் கல்லுப் பதிக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

2025 வைகாசியில உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகளில இப்ப ஆக்கள் இருக்கினம். உங்கட வட்டாரத்தில எத்தினை குளம், எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கத்தால தண்ணி வரவேணும், அந்த வழியில இப்ப என்ன நிக்குது எண்டு ஒரு தாளில கீறிக்கொண்டு போய் உறுப்பினரிட்டக் குடுங்கோ, ஆடி, ஆவணிக்குள்ளயே குடுங்கோ. புரட்டாதி கடைசியில போனா "மழை வரப் போகுது, இனி அடுத்த வருசம் பாப்பம்" எண்டுதான் சொல்லுவார், அது அவற்ற பிழையும் இல்லை.